குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே எழுதும் பழக்கத்தை நிலைநிறுத்துவது எப்படி?

கேள்வி – டோம்பிவிலி வாசகி

மும்பையில் வாழும் எழுத்தார்வமுள்ள அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். திருமணத்திற்குப் பிறகு டோம்பிவிலிக்கு வந்துவிட்டேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி அவித்து, அதைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்களிடம் கொடுத்து, எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தவர். தாராவியில் மறுசீரமைப்பு வேலைகள் தொடங்கிவிட்டன. நான் ஓடியாடிய சந்துகள் இன்னும் எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அவை இருக்கும்போதே, அம்மாவும் நல்ல நினைவோடு இருக்கும்போதே, அந்த வாழ்க்கையை எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் நாள் குழாயில் தண்ணீர் வரும் ஐந்து மணிக்குத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் பிடித்து, மூன்று பேருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டி, மாமியாருக்கு இன்சுலின் போட்டுவிட்டு, ஏழரை மணி விரைவு வண்டியைப் பிடித்தால்தான் தென் மும்பையில் ஃபோர்ட் பகுதியில் இருக்கும் அலுவலகத்திற்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிறது. பிறகு சமையல், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் பாடம், மாமியாரின் இரவு மருந்து. ஞாயிற்றுக்கிழமை என்பது வாரம் முழுவதும் சேர்ந்துபோன வேலைகளுக்கான நாள்.

எழுத உட்கார்ந்தால் கொஞ்ச நாள் நன்றாகவே ஓடுகிறது. மகனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலோ நின்றுவிடுகிறது. நின்றதை மறுபடி தொடங்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. உங்களில் வேலையும் குடும்பமும் இருக்கும்போதே எழுதி வருகிறவர்கள், எந்த நேரத்தை எழுத்துக்கென ஒதுக்கினீர்கள், வீட்டில் இருப்பவர்களிடம் அதை எப்படிச் சொன்னீர்கள், இடையில் அறுந்துபோனால் எப்படித் திரும்பினீர்கள் என்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – செம்பூர்வாசி

அம்மா, வங்கிப் பணியில் இருந்த காலம் முழுவதும் நான் விடியற்காலையில்தான் எழுதினேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. வீட்டில் வேறு யாரும் விழிக்காத நேரத்தில் மனத்துக்குக் கிடைக்கும் அமைதி, நாளின் வேறெந்தப் பொழுதிலும் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆன்டனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியரை நினைத்துப் பாருங்கள். அஞ்சல் துறையில் பொறுப்பான பதவியில் இருந்துகொண்டே நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். தினமும் காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதியதாக 1883 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். எட்டரை மணிக்கு அந்த வேலை முடிந்துவிடும். முதல் அரை மணி நேரத்தை முந்தைய நாள் எழுதியதைப் படித்துப் பார்க்கவே அவர் செலவிட்டார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் நேற்றைய வாக்கியங்களின் ஓசை காதில் விழுந்த பிறகு இன்றைய வாக்கியம் தானாகவே வந்து சேர்ந்துகொள்கிறது. உங்களுக்கு அரை மணி நேரம் வேண்டியதில்லை. கடைசிப் பத்தி ஒன்றைப் படித்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

தண்ணீர் ஐந்து மணிக்கு வருகிறது என்கிறீர்கள். நாலரைக்கு எழுந்தால் அந்த அரை மணி நேரம் முழுக்க உங்களுடையது.

பதில் 2 – முலுண்ட் ஆசிரியை

ஐயா சொன்ன ட்ரோலப்பின் செய்தியில் இன்னொரு விவரமும் உண்டு. அவரை விடியற்காலையில் எழுப்புவதற்கென்று வயதான பணியாளர் ஒருவர் இருந்தார். அந்த வேலைக்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததாகவும், தாம் அடைந்த வெற்றிக்கு வேறு எவரையும் விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கக்கூடும் என்றும் ட்ரோலப்பே எழுதியிருக்கிறார். ஒருவர் எழுத வேண்டுமானால் இன்னொருவர் எழுந்து காப்பி கலக்க வேண்டியிருக்கிறது. டோம்பிவிலி சகோதரியின் வீட்டில் அந்த இன்னொருவரும் அவரேதான். ஐந்து மணிக்கே நாளைத் தொடங்கி இரவு வரை ஓயாமல் உழைக்கும் ஒருவரிடம் தூக்கத்தில் இன்னும் அரை மணி நேரத்தைக் குறைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தூக்கத்திலிருந்து எடுத்த நேரத்தில் எழுதுவது சில வாரங்கள் நடக்கும், அதன்பின் உடம்பு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியையே முதல் கேள்வியாக நான் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் எப்படிச் சொல்வது?

எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், என் மாமியார், நான் என்று நான்கு பேர். தனியாக ஒரு மேசை போடக்கூட இடமில்லை. நேரம் கிடைத்தால் எழுதலாம் என்று நான் இருந்தவரை நேரம் கிடைக்கவே இல்லை, ஏனெனில் ஒரு வீட்டில் சும்மா கிடக்கும் நேரம் யாருடைய தேவைக்காவது போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, இரவு எட்டே முக்காலிலிருந்து ஒன்பதே கால் வரை நான் எழுதப்போகிறேன் என்றும், அந்த நேரத்தில் எந்தெந்த வேலையை யார் பார்க்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னேன். பாத்திரம் தேய்ப்பது கணவர். கதவைத் திறப்பதும் தொலைபேசியை எடுப்பதும் மகள். மாமியாரிடம் மட்டும் வேறு விதமாகப் பேசினேன். மாலையில் அவர் விளக்கேற்றிச் சகஸ்ரநாமம் சொல்லும்போது வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அந்த நேரம் போல இந்த நேரத்தையும் எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அவருக்கு அது உடனே புரிந்தது. இன்று அந்த அரை மணி நேரத்தைக் கண்டிப்பாகக் காப்பவர் அவர்தான்.

முதல் சில வாரங்கள் வீடு உங்களைச் சோதித்துப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் எங்கே, நாளைக்கு என்ன டப்பா, இஸ்திரிக்காரர் வந்தாரா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும். யாரும் வேண்டுமென்று கேட்பதில்லை. இத்தனை காலப் பழக்கம் அப்படி. யாருக்காவது அடிபட்டாலோ உடம்பு முடியாமல் போனாலோ எழுந்திருங்கள், சார்ஜருக்கு எழுந்திருக்காதீர்கள். அதே கண்டிப்போடு ஒன்பதே கால் ஆனதும் நோட்டை மூடிவிடுங்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் எழுந்து வருவீர்கள் என்று தெரிந்தால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை வரும். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போகும் வீடுகளில் அது விரைவில் மனத்தாங்கலில் முடிவதை என் தோழிகள் சிலரிடம் பார்த்திருக்கிறேன்.

எழுதப்போகும் பொருளின் அளவைப் பற்றியும் யோசியுங்கள். தாராவி வாழ்க்கை முழுவதையும் ஒரே நூலாக எடுத்துக்கொண்டால் அரை மணி நேரத் துண்டுகளில் அதைக் கையாள்வது மிகக் கடினம். 2013 இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ, தம் குழந்தைகள் சிறியவர்களாக இருந்தபோது அவர்கள் தூங்கும் நேரத்தில் எழுதினார். நாவலுக்கு வேண்டிய தொடர்ச்சியான நேரம் இல்லாததே தம்மைச் சிறுகதையின் பக்கம் கொண்டுவந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் தொகுப்பு 1968 இல், முப்பது வயதைக் கடந்த பிறகே வெளிவந்தது. நீங்களும் ஒரு சந்து, ஒரு மனிதர், ஒரு காலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் முதல் ஈடு இட்லி வெந்து இறங்குவதிலிருந்து சைக்கிள்காரர் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு 90 அடி சாலைக்குப் போகும் வரையிலான ஒரு மணி நேரமே ஒரு முழுக் கட்டுரைக்குப் போதுமானது.

பதில் 3 – ஃபோர்ட் ஊழியர்

நானும் டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் (சி.எஸ்.எம்.டி.) வரை போகிறவன் என்பதால் இரயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போகிற வழியில் எழுதிக்கொண்டே போகலாம் என்று வெளியூர் நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். காலை விரைவு வண்டியில் ஒரு கை பிடியில் இருக்கும், மறு கை பையை மார்போடு அணைத்திருக்கும். தாணேயில் ஏறும் கூட்டத்தில் கைப்பேசியை வெளியே எடுக்கவே முடியாது. அங்கே எழுத முயல்வதை விட்டுவிட்டு, முந்தைய இரவே ஒரு கேள்வியைத் தேர்ந்துகொண்டு ஏறுகிறேன். இந்தக் கதாபாத்திரம் கடனை ஏன் திருப்பிக் கேட்கவில்லை, அந்த அறையில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது போன்ற சிறிய கேள்வி. நின்றுகொண்டே அதை யோசித்துக்கொண்டு போய், சி.எஸ்.எம்.டி.யில் இறங்கியதும் கூட்டம் வடிகிறவரை ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி, கிடைத்ததை மூன்று நான்கு வரிகளில் தட்டிவிடுவேன். அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் அது மறந்துபோகும்.

சாப்பாட்டு இடைவேளை உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்குமானால், காலா கோடாவில் உள்ள டேவிட் சசூன் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்வதைப் பற்றி எண்ணிப் பாருங்கள். 1870 இல் கட்டிமுடிக்கப்பட்ட பழைய கல் கட்டடம் அது. உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே இருக்கும் போக்குவரத்து இரைச்சல் பாதியாகக் குறைந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் டப்பாவைச் சற்று முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு அங்கே போகிறேன். எழுதியதைத் திருத்துவதற்கு அந்த இடம் மிகவும் உதவுகிறது. புதிதாக எழுதுவதற்கு எனக்கு வீடுதான் சரிப்படுகிறது, ஆனால் இது ஆளுக்கு ஆள் மாறலாம்.

பதில் 4 – சயான் வாசகர்

அறுந்துபோன பழக்கத்தை மீட்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்ற பேச்சு பரவலாக உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று 1960 இல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. புதிதாக ஒரு வேலையைத் தினமும் செய்யப் பழகுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010 இல் வெளியானது. ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே சூழலில், எடுத்துக்காட்டாகக் காலை உணவுக்குப் பிறகு, 12 வாரங்கள் செய்துவந்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். 12 வாரத்துக்கு அப்பாலும் கணக்கிட்டு மதிப்பிட்டதில், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எழுதுவது அவர்கள் ஆராய்ந்த செயல்களில் இல்லை. தண்ணீர் குடிப்பதைவிட உடற்பயிற்சி படிய அதிக நாள் ஆனது என்பதைக் கொண்டு, எழுத்துக்கு இன்னும் பொறுமை வேண்டியிருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஆறுதல் தரக்கூடியது அதே ஆய்வின் மற்றொரு முடிவு: ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை.

இதிலிருந்து இரண்டு காரியங்களைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதும் நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, உங்கள் வீட்டில் எந்த நாளும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுவது நல்லது. வண்டி தாமதமானால் எட்டே முக்கால் தவறிப்போகும். மாமியாருக்கு இரவு மருந்து கொடுப்பது தவறாது. மருந்து டப்பாவை மூடிய கையோடு நோட்டைத் திறக்கலாம். அடுத்து, தடை வரப்போகும் காலங்களில் பல நமக்கு முன்கூட்டியே தெரிந்தவை. பிப்ரவரி, மார்ச்சில் மகனுக்குப் பொதுத்தேர்வு, மே மாதம் ஊர்ப் பயணம், கணபதி நாட்களில் விருந்தினர். அந்த நாட்களுக்கு ஒரு வாக்கியம் மட்டும் என்று இப்போதே குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னரே தெரியாமல் வரும் காய்ச்சலுக்கும் அதே அளவுதான். விட்ட நாட்களுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று மட்டும் உட்காராதீர்கள், கடன் ஏறிவிட்ட எண்ணமே நோட்டின் பக்கம் போகவிடாமல் செய்துவிடும். திரும்பும் நாளில் ஒரு வாக்கியம், மறுநாள் ஒரு பத்தி, அதன்பின் வழக்கமான அரை மணி.

டோம்பிவிலி வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முலுண்ட் சகோதரி சொன்னதைப் படித்த அன்றிரவே வீட்டில் பேசினேன். மாமியாருக்கு இரவு ஊசியையும் மருந்தையும் இனித் தானே கொடுப்பதாகக் கணவர் முன்வந்தார், ஆனால் சயான் நண்பர் சொன்ன காரணத்துக்காக அதை நானே வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வரும் சமையலறை ஒழுங்கை அவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். மகன், தான் படிக்கும் மேசையின் மறுபாதியை எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டான். விடியற்காலை எனக்கு ஒத்துவராது என்றாலும், முந்தைய நாளின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத் தொடங்குவது என்ற செம்பூர் ஐயாவின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நோட்டில் எழுதியதைப் பிறகு தட்டச்சு செய்ய எனக்கு நேரமில்லை. கைப்பேசியில் தட்டினால் விரல் என் எண்ணத்தைவிட மெதுவாகப் போகிறது. குரலில் சொல்லி எழுதவைக்கும் வசதியை யாராவது தமிழுக்குத் தொடர்ந்து பயன்படுத்துகிறீர்களா? அது எழுத்தாக அமையுமா?

பதில் 5 – மாட்டுங்கா தோழி

நான் பயன்படுத்துகிறேன், எழுத்தாகவும் அமைகிறது. சொல்லி எழுதவைப்பது நம் மொழிக்குப் புதியதும் அல்ல. 1901 இல் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்த வை. மு. கோதைநாயகி அம்மாள், எழுதப் பழகாத காலத்தில் தம் முதல் படைப்பைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். 1925 முதல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். கதை முதலில் குரலாக வந்தது என்பதால் அது குறைந்துபோய்விடவில்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டு மைக்கைத் தொட்டால் போதும். ஒரே மூச்சில் நீளமாகப் பேசினால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தை மனத்தில் முழுதாக அமைத்துக்கொண்டு, சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, அடுத்ததற்குப் போவது நல்லது. ல, ள, ழ மாறிவரும், ஒற்று விட்டுப்போகும், ஊர்ப்பேச்சில் சொன்னவற்றைச் சில நேரம் அதற்குப் புரிந்த வேறு சொல்லாக்கிவிடும். பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் தொலைக்காட்சி ஓடினாலும் பிழை பெருகும் என்பதால், நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். சொன்ன அன்றே ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் படித்தால், பிழையாக விழுந்த சொல்லுக்குப் பின்னால் இருந்த சரியான சொல் எது என்று உங்களுக்கே நினைவுவராது.

உங்கள் அம்மாவின் கதையைப் பொறுத்தவரை நான் இன்னொன்றும் செய்யச் சொல்வேன். அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் பேசுவதைக் கைப்பேசியில் குரலாகவே பதிவுசெய்யுங்கள், அதை உடனே எழுத்தாக்க முயல வேண்டாம். உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரியவர்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அரிசி எந்தக் கடையில் வாங்கினீர்கள், மாவு ஆட்ட எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் ஏறினால் அடுப்பை எங்கே தூக்கி வைத்தீர்கள், சைக்கிள்காரர் பணம் தராமல் போன நாளில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகும்போது ஒரு கேள்வி போதும். வாரநாள் இரவுகளில் அந்தப் பதிவில் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால், எங்கே தொடங்குவது என்று தேட வேண்டிய அவசியமே இருக்காது. பதிவை அன்றைக்கே வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள், கோப்பின் பெயரில் தேதியையும் கேட்ட கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.